மாத்திரையை எங்கே வைப்பது?

அரிசி டிரம்மின் அடியில் கைவிட்டு அந்தப் பெண் எடுத்துக் காட்டிய வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, பல மாதங்கள் ஆகியும் என் நினைவை விட்டு அகலவில்லை. முப்பது மாத்திரைகள் கொண்ட அந்த டப்பாவின் மேல் ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார். மூடியைத் திறந்தபோது உள்ளே பஞ்சு அடைத்திருந்தது. ஈரம் படாமல் இருப்பதற்காக என்று நினைத்துக் கேட்டேன். "சத்தம் வரக் கூடாதுங்கக்கா, எடுக்கறப்ப குலுங்கும்" என்றார். பக்கத்து வீட்டுக்கும் அவருடைய வீட்டுக்கும் இடையே இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வரிசையாக ஆறு வீடுகள், ஒரே கழிப்பறை, ஒரே தண்ணீர்க் குழாய்.

மேற்கு மாவட்டம் ஒன்றில் எச்.ஐ.வி. உள்ளோருக்கான ஒரு குழுவில் சில ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன். மருந்து, பரிசோதனை, ஆலோசனை ஆகியவற்றைப் பற்றி நிறையப் பேசும் நாங்கள், வீட்டைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம் என்பதை அந்த டப்பாதான் எனக்கு உணர்த்தியது. ஒரு நாள் கூடத் தவறாமல் வாழ்நாள் முழுவதும் விழுங்க வேண்டிய மாத்திரைக்கு, அச்சமின்றி வைத்து எடுக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இல்லாதவருக்கு மருந்தை இலவசமாகக் கொடுத்தாலும் அது பாதி உதவிதான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

மருந்தின் பக்கம் நாம் வந்திருக்கும் தூரம் சிறிதன்று. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டு சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் ஆய்வு மாணவி நிர்மலா செல்லப்பன் திரட்டிய இரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. அதற்குப் பின் ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் அரசின் இலவச மருந்து இல்லை. மருந்து வந்த பிறகும் பெரும்பாலும் பணம் உள்ளவர்களுக்கே அது எட்டியது. சென்னையை அடுத்த தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனையின் வார்டுகளில் நோயாளிகளைச் சேர்த்துவிட்டுத் திரும்பி வராமல் போன குடும்பங்களைப் பற்றி அங்கே பணியாற்றிய மூத்தவர்கள் இன்றும் வருத்தத்தோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் அரசின் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை நாட்டில் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட சில மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்றாக இருந்தது. அப்போது சி.டி.4 எனப்படும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தவர்களுக்கு மட்டுமே மருந்து கிடைத்தது. 2017 முதல், தொற்று உறுதியானவுடனேயே எல்லோருக்கும் சிகிச்சை தொடங்கப்படுகிறது. மூன்று மருந்துகள் ஒன்றாக அடங்கிய ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒரு வேளை. அதை ஒழுங்காக எடுத்து வருபவரின் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அந்நிலையிலேயே நீடித்தால், அவரிடமிருந்து உடலுறவின் மூலம் பிறருக்குத் தொற்று பரவுவதில்லை. ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பதாலும், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலும், ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் இது எந்தக் காலத்திலும் பரவியதில்லை.

அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். கணவர் இறந்த பிறகு இரண்டு பிள்ளைகளோடு அந்த வரிசை வீட்டில் மாதம் 2,500 ரூபாய் வாடகைக்கு இருந்தார். தறிக்கூடத்தில் வேலை. மருந்து மையத்தில் கொடுக்கும், எச்.ஐ.வி. சிகிச்சை விவரங்கள் எழுதிய பச்சைப் புத்தகத்தை ஒரு நாள் மையத்திலிருந்து திரும்பிய அவசரத்தில் ஜன்னல் மேடையில் வைத்துவிட்டார். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரம்மா அதைப் பார்த்தார். ஒரு சொல்லும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், ஊரிலிருந்து தன் தங்கை குடும்பம் குடிவரப் போவதாகவும் மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். அந்தத் தங்கை வரவே இல்லை. முன்பணமாகக் கொடுத்த 15,000 ரூபாயில், சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று 4,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.

வேறு வழியின்றி அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணிக்கு விஷயம் தெரியாது, தெரியவும் கூடாது. பத்துப் பேர் புழங்கும் இரண்டு அறைகளில் அந்த டப்பாவை வைக்க ஒரு மூலை கிடைக்கவில்லை. முதலில் ஒரு நாள் தவறியது, பிறகு நான்கு நாள், பிறகு மையத்துக்குப் போக வேண்டிய தேதியே கடந்துவிட்டது. எங்கள் களப்பணியாளர் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. முன்பு கண்டறிய முடியாத அளவில் இருந்த கிருமியின் எண்ணிக்கை, சிகிச்சை பலிக்கவில்லை என்று கருத வைக்கும் 1,000 என்ற எல்லைக் கோட்டை எங்கோ தாண்டிப் போயிருந்தது. மையத்தின் ஏட்டில் இதற்குக் காரணமாக எழுதப்பட்டிருந்தது "ஒழுங்காக மருந்து எடுக்கவில்லை" என்ற ஒரு வரி. வீடு போனது என்று எழுதுவதற்கு அந்த ஏட்டில் கட்டம் இல்லை.

சட்டம் அவர் பக்கம் இருந்தது என்பதுதான் என்னை இன்னும் வருத்துகிறது. 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, தொற்று உள்ளவர் என்பதற்காக ஒருவருக்கு வீட்டை வாடகைக்குத் தர மறுப்பதையும், குடியிருப்பதைத் தடுப்பதையும் பாகுபாடு என்று வெளிப்படையாகத் தடை செய்கிறது. தொற்று உள்ளவரோடு வாழும் பிள்ளைகளுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைக் குடும்ப வீட்டிலிருந்து விலக்கவும் கூடாது. கணவர் வீட்டார் வெளியேற்ற முனையும் பெண்களுக்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அதே வீட்டில் வசிக்கும் உரிமையைத் தருகிறது. முன்பணத்துக்கும் விதி உண்டு. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி குடியிருப்புக்குப் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது, ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும். 2,500 ரூபாய் வாடகைக்கு 15,000 ரூபாய் முன்பணம் என்பது அந்த வரம்பைப் போல் இரு மடங்கு. வரிசை வீடுகளில் எழுத்து ஒப்பந்தத்தை நான் ஒரு முறைகூடக் கண்டதில்லை.

எச்.ஐ.வி. சட்டப்படி புகார்களை விசாரிக்க நியமிக்கப்படும் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாமே என்று அவரிடம் கேட்டேன். பெயரை மறைத்து வழக்கு நடத்தவும் சட்டத்தில் இடம் உண்டு என்று விளக்கினேன். அவர் மிகப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த வீதியிலதானுங்கக்கா என் பையன் பள்ளிக்கூடம் இருக்குது" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. புகார் கொடுப்பதென்றால் முதலில் வாய் திறந்து சொல்ல வேண்டும். அவர் இத்தனை ஆண்டுகள் பஞ்சு அடைத்துக் காத்ததே அந்த ஒன்றைத்தான்.

அப்படியானால் அரசின் உதவிகளில் வீட்டுக்கு என்ன வழி? கூட்டு மருந்து மையத்துக்குச் சென்றுவரப் பேருந்துப் பயணச் சலுகை உண்டு. ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பாதிக்கப்பட்ட குழந்தைகளின் படிப்புக்கும் ஊட்டத்துக்கும் 2009ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு 5 கோடி ரூபாயில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கியது. இவை ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை நேரில் கண்டவள் நான். வீடு என்று வரும்போது மட்டும் வரிசை தடைபட்டு நிற்கிறது. 2024இல் அறிவிக்கப்பட்ட 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் என்றார்கள். அதற்குச் சொந்த மனை வேண்டும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்கு வீட்டுக்குப் பயனாளியின் பங்குத் தொகை கட்ட வேண்டும். கணவரின் மருத்துவத்துக்கே நகையை விற்ற ஒருவரிடம் பட்டாவும் இல்லை, பங்குத் தொகையும் இல்லை. உடல்நிலை மோசமானவர்கள் சில நாட்கள் தங்கித் தேறுவதற்குப் படுக்கையோடு இருந்த சமூகப் பராமரிப்பு மையங்களும் 2013ஆம் ஆண்டு வாக்கில் மூடப்பட்டு, படுக்கை இல்லாத ஆதரவு மையங்களாக மாறிவிட்டன. ஆலோசனைக்கு வந்தவர் இரவு எங்கே படுப்பார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வீட்டையும் மருந்தையும் சேர்த்துப் பார்ப்பது நடக்காத காரியமன்று. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு, மருத்துவ உதவிக்கு, எய்ட்ஸால் இறந்த ரயன் ஒயிட் என்ற சிறுவனின் பெயரில் ஒரு சட்டமும், எய்ட்ஸ் நோயாளிகளின் வீட்டு வசதிக்கென்றே தனித் திட்டமும் இயற்றப்பட்டன. வாடகையில் ஒரு பகுதியைத் தருவதும், வேலை இழந்த சில மாதங்களுக்கு வாடகையும் மின்கட்டணமும் கட்டி ஒருவரை வீட்டைவிட்டு வெளியேறாமல் காப்பதும் அத்திட்டத்தின் பணிகள். அது அங்கே நடத்தப்படுவது சுகாதாரத் துறையால் அன்று, வீட்டு வசதித் துறையால். நம் நாட்டிலும் ஒரு முறை அந்தப் பார்வை தென்பட்டது. அரசு மருத்துவமனையில் ஏற்றிய இரத்தத்தால் தொற்றுக்கு ஆளான ஒரு பெண்ணுக்கு 2019ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீட்டோடு, 450 சதுர அடிக்குக் குறையாத ஒரு வீட்டையும் கட்டித்தர உத்தரவிட்டது. அந்த வீட்டை நான் சலுகையாக எண்ணவில்லை. சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எண்ணுகிறேன்.

காற்றோட்டமில்லாத நெரிசல் அறையில் காசநோய் எளிதாகப் பரவும். எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பதும் காசநோய்தான். ஆகவே வாடகைக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய், பின்னால் மருத்துவமனைக் கட்டிலுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் சிறியது. முன்பணத்துக்கு மட்டும் வட்டியில்லாக் கடன் தரும் ஒரு சுழல்நிதி மாவட்டத்துக்கு ஒன்று இருந்தாலே, என் கண்முன் சிகிச்சையை விட்டுப்போன பலரை நிறுத்தி வைத்திருக்கலாம்.

அப்படி ஒரு நிதி எங்களிடம் இல்லை. குழுவில் இருபத்தி இரண்டு பேர் ஆளுக்கு இயன்றதைப் போட்டு 9,000 ரூபாய் சேர்த்து அந்தப் பெண்ணுக்குக் கடனாகக் கொடுத்தோம். பெரும்பாலோர் தாங்களும் வாடகை வீட்டில் இருப்பவர்கள். இரண்டு பேருந்து மாறிப் போகும் வேறு ஊரில் ஓர் அறை கிடைத்தது. எங்களில் ஒருவர் தமக்குத் தெரிந்த குடும்பம் என்று சொல்லிப் பேசி முடித்தார். தொற்றைப் பற்றி வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொல்லும்படி அந்தப் பெண்ணைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமும் இல்லை. கடனில் மாதம் 500 ரூபாய் அவர் திருப்பித் தருகிறார். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்பதில்லை, அடுத்தவருக்கு ஆகட்டும் என்கிறார்.

சென்ற மாதம் அங்கே போயிருந்தேன். சுவரில் மரக்கதவு போட்ட சிறிய அலமாரி ஒன்று இருந்தது. அறை பார்க்க வந்த அன்று அவர் தண்ணீரைப் பற்றியோ மின்சாரத்தைப் பற்றியோ கேட்காமல், அந்தக் கதவுக்குப் பூட்டு போட முடியுமா என்றுதான் முதலில் கேட்டாராம். பூட்டின் சாவி தாலிக்கொடி இருந்த இடத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கியது. இரவு எட்டரை மணிக்கு அதைத் திறந்து டப்பாவை எடுத்தார். பஞ்சு இன்னும் உள்ளேதான் இருந்தது.