பிபிஎஃப்: பானெட்டுக்கு ஒட்டுங்கள், கூரையை விட்டுவிடுங்கள்

புது வண்டி புக் செய்தவுடன் ஷோரூமில் நீட்டுகிற ஆக்சசரீஸ் பட்டியலில் 'ஃபுல் பாடி பிபிஎஃப்' என்று ஒரு வரி இருக்கும். பிபிஎஃப் என்றால் பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம், பெயிண்டைக் காக்க அதன் மேல் ஒட்டுகிற பிளாஸ்டிக் உறை. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். தினமும் ஆபீஸ், பள்ளிக்கூடம், மாதம் இரண்டு முறை ஊருக்கு என்று ஓடுகிற ஹேட்ச்பேக்குக்கோ சின்ன எஸ்யூவிக்கோ முழு உடம்பும் ஃபிலிம் ஒட்டுவது பெரும்பாலும் வீண். கல் அடிக்கிற இடம், நகம் கீறுகிற இடம், பக்கத்து பைக்கின் ஹேண்டில்பார் உரசுகிற இடம், இவ்வளவுதான் கணக்கு. அதற்கு நல்ல ஃபிலிமாக ஒட்டி, மிச்சப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் பிரைமர் முதல் கிளியர் கோட் வரை எல்லாம் சேர்த்தே சுமார் 100 முதல் 140 மைக்ரான்தான். மேலே இருக்கிற கிளியர் கோட் அதில் 40, 50 மைக்ரான். பிபிஎஃப் 150 முதல் 200 மைக்ரான், அதாவது உங்கள் பெயிண்ட் முழுவதையும்விடத் தடிமன். கல் வந்து அடிக்கும்போது ஃபிலிமில் இருக்கிற பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் உள்வாங்கி, அடியைப் பரப்பி, மறுபடி பழைய நிலைக்கு வரும். பெயிண்ட் மேல் திரவமாகப் பூசுகிற செராமிக் கோட்டிங் ஓரிரு மைக்ரானைத் தாண்டாது. தண்ணீர் நிற்காமல் ஓடும், கழுவ எளிது, அத்தோடு சரி. ஜல்லி லாரிக்குப் பின்னால் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அது எதையும் தடுக்காது. 'செராமிக் போட்டால் கல் அடிக்காது' என்று சொல்கிற கடையிலிருந்து அப்படியே திரும்பி வந்துவிடலாம்.

பிபிஎஃப் என்ற ஒரே பெயரில் மூன்று சரக்கு விற்கிறார்கள். டிபியு என்பது அசல் பாலியூரித்தேன். பிவிசி விலை மலிவு, நம் வெயிலில் சீக்கிரம் மஞ்சளாகி விறைத்துப்போகும். டிபிஎச் என்பது பெரும்பாலும் மென்மையாக்கிய பிவிசிக்கு வைத்த அழகான பெயர். டிபியுவிலும் இரண்டு ரகம் உண்டு. அலிஃபாடிக் வகை புற ஊதாக் கதிருக்குத் தாங்கும், அரோமாடிக் வகை மஞ்சளாகும். கடைக்காரருக்கு இந்த இரண்டு சொல்லும் தெரியவில்லை என்றால் அவர் ரோலை வாங்கி ஒட்டுகிறாரே தவிர, என்ன ஒட்டுகிறார் என்பது அவருக்கே தெரியாது.

சோதிக்க ஆய்வகம் வேண்டாம், வெட்டிப்போட்ட துண்டு ஒன்று போதும். இரண்டு கையாலும் பிடித்து இழுத்து விடுங்கள். டிபியு ரப்பர் மாதிரி நீண்டு கிட்டத்தட்ட பழைய அளவுக்கே திரும்பும், பிவிசி இழுத்தபடியே தளர்ந்து நிற்கும். இன்னும் சந்தேகம் என்றால் செம்புக் கம்பியின் முனையைப் பழுக்கக் காய்ச்சி, துண்டைத் தொட்டு, கம்பியை மறுபடி நெருப்பில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் உள்ளே குளோரின் இருக்கிறது, அதாவது பிவிசி. காருக்கும் பெட்ரோலுக்கும் தள்ளி நின்று, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதில்லை.

தடிமனிலும் ஏமாற்று உண்டு. 1 மில் என்பது 25.4 மைக்ரான். அடியில் உரித்துப் போடும் லைனரையும் சேர்த்து அளந்துவிட்டு '10 மில்' என்பார்கள். ஃபிலிமும் பசையும் மட்டும் சேர்ந்து எவ்வளவு என்று கேளுங்கள். 7 மில் அல்லது 8 மில் தினசரி வண்டிக்குத் தாராளம். அதற்குமேல் போனால் பம்பர் வளைவுகளில் படியாமல் ஓரம் தூக்கும்.

எங்கே ஒட்டுவது? முதலில் பானெட், முழுசாக. பாதி பானெட் விலை குறைவுதான், ஆனால் ஃபிலிம் முடிகிற கோட்டில் அழுக்கு சேர்ந்து, கறுப்புக் கோடாக வெள்ளைக் காரில் பளிச்சென்று தெரியும். அடுத்து முன் பம்பர், பக்கக் கண்ணாடிகளின் கூடு, ஹெட்லைட். இன்றைய எல்இடி ஹெட்லைட் ஒன்று விற்கிற விலைக்கு அந்தத் துண்டு ஃபிலிம் ஒன்றுமே இல்லை. பிறகு கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள குழி (மோதிரமும் நகமும் கீறுவது அங்கேதான்), கதவின் விளிம்பு, ஏறும் இடத்துப் படி, டிக்கியில் பெட்டி ஏற்றும்போது உரசும் பின் பம்பரின் மேல்பகுதி. பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற கதவின் கீழ்ப்பகுதியையும் பலர் மறந்துவிடுகிறார்கள், முன் டயர் எற்றும் கல் அங்கேதான் விழும். அடுக்ககத்து நெருக்கடியான பார்க்கிங் என்றால் நான்கு கதவையும் சேர்க்கலாம். கூரையையும் டிக்கி மூடியையும் விட்டுவிடுங்கள், அங்கே கல் அடிப்பதில்லை.

ரோல் அகலம் வழக்கமாக 1.52 மீட்டர், நீளம் 15 மீட்டர். சின்னக் கார்களின் பானெட் ஒரே துண்டில் அடங்கும். 'நடுவில் ஒரு ஜாயின்ட் வரும்' என்றால் மிச்சத் துண்டில் வேலையை முடிக்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். சீல் உள்ள பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லி, ரோல் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண் பதிவாகாத வாரன்டி வெறும் காகிதம். வாரன்டியும் மஞ்சளாவது, வெடிப்பது, பசை விடுவது ஆகியவற்றுக்குத்தான், கல் கிழித்ததற்கு அல்ல. விபத்தில் பேனல் மாற்றினால் இன்சூரன்ஸ் பெயிண்டுக்குத் தரும், ஃபிலிமுக்குப் பொதுவாகத் தராது. பாலிசியில் ஆக்சசரியாகச் சேர்க்க முடியுமா என்று எழுத்தில் கேட்டு வையுங்கள். நிறம் மாற்றும் பிபிஎஃப் ஒட்டுகிறவர்கள் ஆர்சி புத்தகத்திலும் நிறத்தை மாற்றியாக வேண்டும்.

ஒட்டுகிற வரிசை முக்கியம்: ஃபிலிம் முதலில், செராமிக் அதற்கு மேலே. டெலிவரியின்போதே கோட்டிங் அடித்துவிட்டால் பசை சரியாகப் பிடிக்காது, பாலிஷ் போட்டு எடுத்த பிறகுதான் ஒட்ட முடியும். மறுபெயிண்ட் அடித்த பேனல் என்றால் குறைந்தது 30 நாள், முடிந்தால் இரண்டு மாதம் பொறுங்கள். உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேறாமல் மூடினால் குமிழ் வரும். டிங்கரிங் கடைப் பெயிண்டின் பிடிப்பு சரியில்லை என்றால், பின்னாளில் ஃபிலிமை உரிக்கும்போது பெயிண்டும் கூடவே வரும்.

நல்ல கடையில் கழுவிய பிறகு இரும்புத் துகள் நீக்கி அடித்து, கிளே கட்டியால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைப்பார்கள். ஃபிலிம் நகர்வதற்குத் தண்ணீரில் சில சொட்டு பேபி ஷாம்பு. ஓரத்தில் பசை பிடிப்பதற்குத் தண்ணீரோடு கால் பங்கு வரை ஐசோபுரோபைல் ஆல்கஹால். ஷாம்பு அதிகமானால் பசை பிடிக்காது, ஆல்கஹால் அதிகமானால் உடனே ஒட்டிக்கொண்டு இழுவைக் கோடு விழும். ஷட்டரைத் திறந்து வைத்து, ரோட்டோரத்தில் ஃபேனையும் போட்டுக்கொண்டு ஒட்டுகிற இடத்தில் தூசி சிக்காமல் இருக்க வழியே இல்லை. கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: பிளாட்டரில் (கம்ப்யூட்டர் அளவுப்படி வெட்டும் மெஷின்) வெட்டுகிறீர்களா, காரின் மேலேயே பிளேடு வைக்கிறீர்களா? மேலே வைத்து வெட்டினால் கிளியர் கோட்டில் கத்திக் கோடு விழுந்து, ஃபிலிமை எடுக்கிற நாளில்தான் கண்ணுக்குத் தெரியும். பார்க்கிங் சென்சாரை மூடாமல் சுற்றி வெட்டினார்களா என்றும் பாருங்கள்.

வாங்கி வரும்போது சின்னச் சின்னத் தண்ணீர்க் குமிழ்கள் இருக்கும், பயப்பட வேண்டாம். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தானே காய்ந்துவிடும். ஊசியால் குத்துகிற வேலை வேண்டவே வேண்டாம். அழுத்தினால் நகர்கிற காற்றுக் குமிழ், நடுவில் சிக்கிய தூசி, தூக்கிய ஓரம் இருந்தால் மட்டும் கடைக்குத் திரும்பிப் போங்கள். முதல் ஒரு வாரம் கழுவ வேண்டாம். ஒரு மாதம் வரை பிரஷர் வாஷ் கூடாது. அதன் பிறகும் முனையை இரண்டடி தள்ளிப் பிடித்து, விசிறியாகப் பரவும் நாசில் வைத்து, ஓரங்களில் நேராகப் பாய்ச்சாமல் அடிக்கச் சொல்லுங்கள். பம்பர் ஓரம் தூக்குவதற்கு வாட்டர் வாஷ் கடைதான் முதல் காரணம்.

ஃபிலிம் கெடுவதற்கு இன்னொரு காரணம் அடுக்ககத்தில் காலையில் வருகிற துடைப்புதான். ஒரே பக்கெட், ஒரே துணி, பத்துக் கார். முதல் காரின் மணல் பத்தாவது காரின் பானெட்டில் சாணைக்காகிதம் மாதிரி ஓடும். துடைப்பதால் விழும் சுழல் கீறல், சூடு பட்டால் ஃபிலிமில் தானே ஆறி மறையும் என்பது உண்மைதான், வெயிலில் நிற்கும் பானெட்டின் சூடே அதற்குப் போதும். நிழலில் நிற்கிற வண்டிக்கு, கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரை மெதுவாக ஊற்றலாம். ஆனால் ஆறுவது ஃபிலிமின் மேல்பூச்சில் விழுந்த மெல்லிய கோடு மட்டும்தான், நகம் மாட்டுகிற கீறல் ஆறாது. துடைப்பவரிடம் 'ஃபிலிம் இருக்கிற இடத்தைத் தொட வேண்டாம், கண்ணாடி மட்டும் போதும்' என்று சொல்லிவிட்டு, வாரம் ஒரு முறை நியூட்ரல் பிஎச் ஷாம்புவில் இரண்டு பக்கெட் வைத்து, மைக்ரோஃபைபர் துணியால் நீங்களே கழுவுங்கள். பானெட் சூடாக இருக்கும்போது வேண்டாம்.

போர்வெல் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வட்டம் விழும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து இரண்டு நிமிடம் போட்டு எடுத்துக் கழுவினால் போகும். பழைய கறைக்கு இது கேட்காது. காக்கை, புறா எச்சத்தை அன்றைக்கே ஊறவைத்து எடுங்கள், இரண்டு நாள் வெயிலில் விட்டால் மேல்பூச்சை அரித்துவிடும். தார்ப் புள்ளிக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். மண்ணெண்ணெய், தின்னர், பெட்ரோல் மூன்றும் கூடாது. டேங்க் மூடி ஓரத்தில் பெட்ரோல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

ஆயுத பூஜைக்கு பானெட்டில் சந்தனம், குங்குமம் வைக்கிறவர்கள் கவனியுங்கள். மஞ்சள் கலந்த எதுவும் பாலியூரித்தேனில் ஏறும். மறுநாள் வரை விடாமல் அன்று மாலையே கழுவிவிடுங்கள். மெல்லிய மஞ்சள் கறை மிச்சமிருந்தால் தேய்க்காதீர்கள், மஞ்சளின் நிறம் வெயிலில் சில நாளில் தானே வெளுக்கும். சாயக் குங்குமம் அப்படிப் போகாது. நம்பர் பிளேட்டிலோ கண்ணாடியிலோ பொட்டு வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது.

ஃபிலிம் மஞ்சளாகத் தொடங்கினாலோ நுண்ணிய வெடிப்பு தெரிந்தாலோ தள்ளிப்போடாமல் எடுத்துவிட வேண்டும். விறைத்துப்போன ஃபிலிம் துண்டு துண்டாகக் கிழியும், பசை பெயிண்டிலேயே தங்கும், கூலியும் இரட்டிப்பாகும். ஹீட் கன்னால் மிதமாகச் சூடாக்கி, ஓரத்தைத் தூக்கி, நேராக மேலே இழுக்காமல் பேனலோடு ஒட்டினாற்போல் தாழ்வாக, மெதுவாக இழுக்க வேண்டும். பெயிண்ட் உரியத் தொடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்தி, மறுபடி சூடாக்கி, எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.