வீட்டில் என்ன குடிக்கிறீர்கள்?

திருகோணமலையில் புற்றுநோயாளர்களும் அவர்களைப் பராமரிக்கும் உறவினர்களும் மாதந்தோறும் ஒன்றுகூடும் சந்திப்பை நடத்துவது, உளவளத்துணையாளராக நான் செய்துவரும் பணிகளுள் ஒன்று. உப்புவெளி, சாம்பல்தீவு, தம்பலகாமம், மூதூர், கிண்ணியா என்று பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். வாய்ப்புற்று வந்த ஆண்களும் மார்புப்புற்று வந்த பெண்களுமே அதிகம். நாடு முழுவதிலும் நிலைமை அதுதான். பணம், பயணம், முடி உதிர்வு, பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று எதைப் பேசினாலும் இந்த மனிதர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வார்கள். இங்கிலிஷ் மருந்தா, தமிழ் மருந்தா என்ற பேச்சு எழுந்தால் மட்டும் குரல்கள் உயர்ந்துவிடும்.

உரத்துப் பேசுபவர்களில் பெரும்பாலோர் நோயாளர்கள் அல்லர் என்பதை நான் சிறிது காலத்திலேயே கவனித்தேன். முன்னர் ஒரு முடிவை எடுத்து, அந்த முடிவோடு இன்றும் வாழ்ந்துகொண்டிருக்கும் உறவினர்களே அவர்கள். எங்கள் சந்திப்புக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மனைவி, கீமோ ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில் வெள்ளணுக்கள் குறைந்து, கிருமித்தொற்று ஏற்பட்டு இறந்துபோனார். கையெழுத்து வைத்துச் சம்மதம் கொடுத்தவர் தானே என்பதை அவர் எத்தனை ஆண்டுகள் சென்றாலும் மறக்கப்போவதில்லை. அவருக்கு எதிரே உட்காரும் இளம் பெண்ணின் தாய்க்கு மார்பில் சிறு கட்டி இருந்தபோது, குடும்பத்தார் அவரைப் பாரம்பரிய வைத்தியரான பரியாரியார் ஒருவரிடம் அழைத்துச் சென்று மருந்துப் பற்றுப் போடவைத்தார்கள். கட்டி வெடித்துப் புண்ணாகிய பின்னர்தான் வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார்கள். ஆசிரியர் கீமோவை நஞ்சு என்பார், அந்தப் பெண் பற்றைக் கொலை என்பாள். இருவரும் பேசுவது மருந்தைப் பற்றித்தான் என்று தோன்றும். உண்மையில் ஒவ்வொருவரும் தம் வீட்டில் நடந்த ஒரு மரணத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கே விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவ்விருவருக்கும் நடுவில், சத்திரசிகிச்சை முடிந்து, கீமோ தொடங்கத் திகதி கொடுக்கப்பட்ட நாற்பது வயதுப் பெண்ணொருவர் ஒருமுறை உட்கார்ந்திருந்தார். வாக்குவாதம் ஓய்ந்த பின் அவர் என்னைப் பார்த்து, "அப்ப நான் இப்ப என்ன செய்யிறது, மிஸ்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நடுநிலையான விடை சொல்வது என் தொழிலுக்கு அழகு என்று எனக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. முடிவு நோயாளருடையது, உளவளத்துணையாளர் அவருடைய வாயில் சொற்களைத் திணிக்கக் கூடாது. இதை நான் முழு மனத்துடன் ஏற்கிறேன். ஆனால் முடிவு அவருடையது என்பதும், எல்லா முடிவுகளும் ஒரே விளைவைத் தரும் என்பதும் வெவ்வேறு கூற்றுகள். குணப்படுத்தக்கூடிய நிலையிலுள்ள புற்றுநோய்க்கு உரிய சிகிச்சையை விட்டுவிட்டு வேறொன்றை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு இன்று தெளிவான விடை உண்டு. அதை அவரிடமிருந்து மறைப்பதை நடுநிலை என்று என்னால் அழைக்க முடியாது.

2018ஆம் ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வைப் பற்றி அன்று அவருக்குச் சொன்னேன். உடலின் வேறு பாகங்களுக்குப் பரவாத நிலையில் கண்டறியப்பட்டு, மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரை, வழமையான சிகிச்சை பெற்ற 560 பேருடன் அவர்கள் ஒப்பிட்டார்கள். மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியோர் இறக்கும் அபாயம் மொத்தத்தில் இரண்டரை மடங்காக இருந்தது. மார்புப்புற்றில் அது ஐந்து மடங்குக்கும் மேல். புரஸ்டேட் புற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அந்த நோய் பெரும்பாலும் மிக மெதுவாக வளர்வது அதற்கொரு காரணமாக இருக்கலாம். இந்தக் கடைசித் தகவலையும் நான் ஒளிக்காமல் சொல்வதுண்டு. எதிர்த்தரப்புக்குச் சாதகமானதையும் சேர்த்துச் சொல்பவரைத்தான் எங்கள் மக்கள் நம்புகிறார்கள்.

அதே குழுவினர் அதே ஆண்டில் வெளியிட்ட மற்றொரு ஆய்வே என் பணிக்கு அதிகம் உதவியது. வழமையான சிகிச்சையைப் பெற்றுக்கொண்டே மூலிகை, விற்றமின் போன்றவற்றையும் பயன்படுத்திய 258 பேர் அதில் இடம்பெற்றனர். அவர்களுடைய இறப்பு அபாயமும் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. ஆனால் அவர்களில் 34 சதவீதத்தினர் கீமோவையும் 53 சதவீதத்தினர் கதிர்வீச்சையும் மறுத்திருந்தார்கள். இத்தகைய மறுப்புகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டபோது இரு தரப்புக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எஞ்சவில்லை. ஆகவே, கஷாயம் குடித்ததைக் காட்டிலும், குடிக்கத் தொடங்கிய பின் கிளினிக்குக்குப் போவதை நிறுத்தியதே உயிரைக் கொண்டுபோயிருக்கக்கூடும் என்று நான் விளங்கிக்கொண்டேன். சந்திப்பில் எதைக் கண்டித்துப் பேசவேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை அந்த ஆய்வே எனக்குப் பிரித்துக் காட்டியது.

ஏன் போவதை நிறுத்துகிறார்கள் என்பதற்கு இந்த மாவட்டத்தில் வாழ்பவருக்கு விளக்கம் தேவையில்லை. வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை என்றால் வாரத்தில் ஐந்து நாட்களாக ஆறு, ஏழு வாரங்கள் மட்டக்களப்பிலோ, கொழும்புக்கு அருகே தேசிய புற்றுநோய் வைத்தியசாலை உள்ள மகரகமையிலோ தங்கவேண்டும். சிகிச்சை இலவசம், அந்த வகையில் நாம் பாக்கியசாலிகள். ஆனால் மூதூரிலிருந்து போகும் கடற்றொழிலாளிக்கு அத்தனை வாரங்களும் வருமானம் இல்லை, கூடப் போகும் மனைவிக்குத் தங்குமிடம் இல்லை, மகரகமையில் சிங்களத்தில் சொல்லப்படுவதில் பாதி விளங்குவதுமில்லை. 2022இல் எரிபொருளும் மருந்தும் ஒருசேரத் தட்டுப்பட்டபோது, சிகிச்சையைத் தொடர விரும்பியவர்களே தொடரமுடியாமல் தவித்தார்கள். அடுத்த ஆண்டு தரமற்ற ஊசிமருந்து விவகாரம் வெளிவந்து, 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானபோது, "இங்கிலிஷ் மருந்தை எப்படி நம்புறது?" என்று சந்திப்பில் ஒருவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. அதைப் பிற்போக்கு என்று ஒதுக்கியிருந்தால் அவர் மறுமாதம் வந்திருக்க மாட்டார்.

இவற்றோடு நேரம் என்ற ஒன்றும் இருக்கிறது. கிளினிக்கில் மருத்துவர் ஒரு காலையில் பார்க்கவேண்டிய கூட்டத்தில் ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். பரியாரியார் நாடி பிடிப்பார், தூக்கத்தை விசாரிப்பார், தகப்பனாருக்கு என்ன வருத்தம் இருந்தது என்று கேட்பார். நோயாளர் அங்கிருந்து திரும்பும்போது, யாரோ தன்னை முழுமையாகப் பார்த்தார்கள் என்ற உணர்வோடு வருகிறார். அந்த உணர்வு கட்டியைக் கரைக்காது என்பது உண்மைதான். ஆனால் நாளைக்கும் அவர் யாரிடம் போவார் என்பதைத் தீர்மானிப்பது அதுவே.

சித்த மருத்துவத்தை எதிரியாக நிறுத்திப் பேசுவதும் இந்த ஊரில் எடுபடாது, சரியும் அன்று. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி ஆகியவற்றையும் தனக்குள் அடக்கியே அமைந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. அவ்வாறு படித்துப் பட்டம் பெற்ற மருத்துவர் ஒருவரை ஒருமுறை சந்திப்புக்கு அழைத்திருந்தோம். மார்பில் கட்டியோடு யாராவது தன்னிடம் வந்தால் முதலில் வைத்தியசாலைக்கு அனுப்புவதாகவும், பசியின்மை, மலச்சிக்கல், தூக்கமின்மை போன்றவற்றுக்கு மட்டுமே, அதுவும் கிளினிக் மருந்துகளைக் கேட்டறிந்த பின் தான் மருந்து கொடுப்பதாகவும் அவர் சொன்னார். எங்கள் ஆசிரியர் அன்று நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மக்களை ஏமாற்றுபவர்கள் வேறு ஆட்கள்: பதிவில்லாமல் தொலைபேசியில் நோயைக் கேட்டு, பெயரில்லாத தூளைத் தபாலில் அனுப்பி, கீமோவை நிறுத்தினால்தான் தங்கள் மருந்து வேலை செய்யும் என்று நிபந்தனையும் விதிப்பவர்கள். அந்த நிபந்தனையைக் கேட்ட இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

மூலிகையில் மருந்தில்லை என்று வாதிடுபவரும் எங்கள் முற்றங்களில் பூத்திருக்கும் பட்டிப்பூவைப் பார்க்கவேண்டும். நித்தியகல்யாணி என்றும் அழைக்கப்படும் அந்தச் செடியின் இலையை யமேக்காவில் நீரிழிவுக்குக் கஷாயமாகக் குடித்தார்கள் என்ற செய்தியைத் தொடர்ந்து, 1950களில் கனடாவில் ரொபர்ட் நோபிள், சார்ள்ஸ் பியர் ஆகியோர் அதை ஆராய்ந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, பரிசோதனை விலங்குகளின் வெள்ளணுக்கள் குறைந்தன. அந்த வழியில் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது. அதே செடியிலிருந்து பின்னர் பிரித்தெடுக்கப்பட்ட வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் இரத்தப்புற்றுக்கு ஏற்றப்படுகிறது. இதைக் கேட்ட ஒருவர், அப்படியானால் பட்டிப்பூ இலையை அவித்துக் குடித்தால் என்ன என்று கேட்டார். ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும், அதன் அளவு சற்றே பிசகினாலும் நரம்பைத் தாக்கும், நாளத்தில் மட்டுமே அதை ஏற்றலாம் என்று விளக்கவேண்டியிருந்தது. செடியிலிருந்து மருந்து வருவதும், செடியே மருந்தாவதும் ஒன்றல்ல.

வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பொருட்கள் தனிச் சிக்கல். கனடாவிலிருந்து மகன் அனுப்பிய அப்ரிகொட் விதைகளைத் தாயொருவர் பத்திரமாக வைத்திருந்தார். அவற்றிலுள்ள அமிக்டலின் என்ற பொருளை விற்றமின் பி17 என்று பெயரிட்டு விற்கிறார்கள். அது விற்றமினே அன்று. அமெரிக்காவில் 178 நோயாளர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 1982இல் வெளியிட்ட ஆய்வில் ஒருவருக்கும் நோய் குணமாகவில்லை. சிலருடைய இரத்தத்தில் சயனைட் ஆபத்தான அளவை நெருங்கியிருந்தது. மகனின் அன்பைத் தாயால் குப்பையில் போடமுடியாது என்பது எனக்குப் புரிந்தது. ஆகையால் மகனோடு நானே தொலைபேசியில் பேசினேன். அம்மாவுக்கு உண்மையில் தேவைப்படுவது மட்டக்களப்பில் தங்குவதற்கான செலவு என்று சொன்னதும், மறுவாரமே அவர் அந்தப் பணத்தை அனுப்பினார். தூரத்திலிருந்து எதையாவது செய்துவிடத் துடிப்பவருக்குச் செய்யத்தக்க ஒன்றைக் காட்டினால் விதைகளைப் பற்றிய வாதமே எழுவதில்லை.

சந்திப்பில் ஒருவர் எழுந்து "எனக்குக் கஷாயம்தான் சுகமாக்கினது" என்று சொல்லும்போது நான் மிகுந்த கவனத்தோடு இருக்கிறேன். அப்படிச் சொன்ன கிண்ணியாப் பெரியவருக்கு நாக்கின் ஓரத்திலிருந்த சிறு புற்று ஏற்கெனவே வெட்டி அகற்றப்பட்டிருந்தது. கஷாயம் அதற்குப் பின்னர் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. கத்தி பட்டது மயக்கத்திலே, கஷாயம் குடித்தது விழிப்பிலே, தினமும், மகளின் கையால். நினைவில் நிற்பது பின்னதுதான். அவரைச் சபையில் மறுத்து அவமதிக்க எனக்கு மனம் வரவில்லை. "வெட்டினது எந்த மாதம், ஐயா? கஷாயம் தொடங்கினது எப்ப?" என்று மட்டும் கேட்டேன். அவர் சொன்ன மாதங்களைக் கேட்டவர்கள் தாங்களே கணக்குப் பார்த்துக்கொண்டார்கள். கஷாயத்தை மட்டும் நம்பி இறந்தவர்கள் எழுந்து பேச வருவதில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

ஏளனத்தின் விலையை நான் அதிகமாகக் கண்டது இரத்தப் பரிசோதனை அறிக்கைகளில். ஈரல் நொதிகள் திடீரென உயர்ந்து, காரணம் தெரியாமல் கீமோ தள்ளிப்போடப்பட்ட ஒருவர், வீட்டில் எதையும் குடிக்கவில்லை என்று கிளினிக்கில் உறுதியாகச் சொல்லியிருந்தார். முள்ளுள்ள அன்னமுன்னாவின் இலைக் கஷாயத்தை மாதக்கணக்கில் குடித்துவந்ததை எங்களிடம்தான் சொன்னார். நொதிகள் உயர்ந்தது அதனால்தானா என்று எவரும் அறுதியிட்டுச் சொல்லமுடியாது. ஆனால் அந்தப் பழத்தையும் இலையையும் பெருமளவு உட்கொள்வதற்கும் நரம்புச் சிதைவுக்கும் தொடர்பிருக்கலாம் என்று 1999இலேயே குவாதலூப் தீவிலிருந்து எழுதப்பட்டிருக்கிறது. இன்னொருவர் பாதரசமும் கந்தகமும் சேர்ந்த ரசகந்தி மெழுகு என்ற சித்த மருந்தை, சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றும் காலத்திலேயே உட்கொண்டார். சிஸ்பிளாட்டினும் சிறுநீரகத்தைத் தாக்கும், பாதரசமும் தாக்கும். ஏன் மருத்துவரிடம் சொல்லவில்லை என்று கேட்டபோது, ஏசுவார் என்று பயந்ததாகச் சொன்னார். ஏச்சுக்குப் பயந்து ஒருவர் தம் சிறுநீரகத்தைப் பணயம் வைத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

நோய் முற்றி, குணப்படுத்தும் சிகிச்சை முடிந்துவிட்டது என்று சொல்லப்பட்டவரிடம் இந்த வாதங்கள் எதையும் நான் எடுத்துச் செல்வதில்லை. அவருக்கு வலியைத் தணிக்கும் மோர்பின் ஒழுங்காகக் கிடைக்கிறதா, அது கடைசி மருந்து என்ற பயத்தால் குடும்பத்தார் கொடுக்காமல் வைத்திருக்கிறார்களா என்பதே அப்போது என் கவலை. மல்லித் தண்ணீரோ, நேர்த்தியோ, ஓதிய நீரோ அவருக்கு ஆறுதல் தந்தால் அதில் குறுக்கிட எவருக்கும் உரிமை இல்லை. வீட்டை விற்று மருந்து வாங்கப் புறப்படும்போது மட்டும் நான் பேசுவேன்.

நாற்பது வயதுப் பெண் கீமோவை முடித்து, இப்போது நோய் திரும்பாமலிருக்க உதவும் தமொக்சிபென் மாத்திரையை எடுத்துக்கொண்டு சந்திப்புக்கு வருகிறார். புதிதாக வருவோர் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் என்ன குடிக்கிறீர்கள் என்று சாப்பாட்டை விசாரிப்பதுபோல் விசாரிப்பவர் அவரே. வெள்ளை உடையில் ஒருவர் கேட்கும்போது வராத விடை அவர் கேட்டால் வந்துவிடுகிறது. அந்த விடையை அப்போதே நோயாளரின் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறோம். கிளினிக்குகளில் இருப்பவர்களிடம் நான் கேட்பது, அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவும், தமிழில் ஓரிரு கேள்விகள் கேட்கவும், ஏசாமல் இருக்கவும் வேண்டும் என்பதே. மூலிகை மருந்து கொடுப்பவர்களும் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அதே பக்கத்தில் தங்கள் கையால் எழுதித் தரவேண்டும். எழுத மறுப்பவரின் மருந்தை வாங்கவேண்டாம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.