பக்கத்துல மணலி இருக்க, டியூஷன் ஃபண்டுக்கு எங்கெங்கயோ தேடினோம்

வடசென்னை கொருக்குப்பேட்டைல ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் நாங்க ஒரு சாயந்தர டியூஷன் நடத்துறோம், ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் 46 பசங்க, அதுல பாதிப் பேரோட அம்மா காசிமேட்டுல மீன் எடுத்து தெருத்தெருவா வித்துட்டு வீடு வந்து சேரவே ராத்திரி ஏழு எட்டு ஆயிடும், அதுவரைக்கும் புள்ளைங்க எங்ககிட்ட தான். ஒரு மொட்டமாடி ரூம், ரெண்டு டீச்சர் அக்கா, கரண்ட் பில், சுண்டல் செலவு, எல்லாமே நாங்க அஞ்சு பேரு கைக்காசு போட்டு தான் ஓடிட்டு இருந்துச்சு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ரெண்டு மாசம் அக்காங்களுக்கு சம்பளம் குடுக்க முடியல. ஒரு வார்த்த கேக்காம வந்து பாடம் எடுத்துட்டு போனாங்க. அத தான் என்னால தாங்க முடியல.

அப்ப தான் ஃபண்டு தேட ஆரம்பிச்சேன். மொதல்ல தோணுனது வெளிநாட்டு அமைப்புங்க தான். எங்க ஆடிட்டர் அண்ணன் உக்கார வெச்சு சொன்னாரு, வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்சிஆர்ஏ சட்டத்துல பதிவோ முன்னனுமதியோ இல்லாம அங்க இருந்து ஒரு ரூபா வாங்கக்கூடாது, பதிவு வேணும்னா டிரஸ்ட் ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆகியிருக்கணும், கடைசி மூணு வருஷத்துல 15 லட்சமாச்சும் சேவைக்கு செலவு பண்ணியிருக்கணும்னு. நாங்க செலவு பண்ணது ஆறு லட்சம் கூட வரல. சரி, அது நமக்கு இப்போதைக்கு இல்லன்னு விட்டாச்சு.

மிச்சம் இருக்குறது சிஎஸ்ஆர், அதாவது பெரிய கம்பெனிங்க சமூகத்துக்கு செலவு பண்ண வேண்டிய பணம். கம்பெனி சட்டம் 2013, பிரிவு 135. வருஷத்துக்கு 5 கோடி லாபம், இல்ல 1000 கோடி டர்ன்ஓவர், இல்ல 500 கோடி நெட்வொர்த் (கடன் போக மிச்ச சொத்து), இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா போதும், அந்த கம்பெனி முந்தின மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணியே ஆகணும். நம்ம பக்கம் வருமான வரித்துறைல டிரஸ்டுக்கு வரிவிலக்கு தர்ற 12ஏ, நன்கொடை குடுக்குறவங்களுக்கு வரிச்சலுகை தர்ற 80ஜி வேணும், அரசோட என்ஜிஓ தர்பன் தளத்துல பதிஞ்ச நம்பர் கேப்பாங்க, சிஎஸ்ஆர் பணம் வாங்குறவங்க கம்பெனி விவகார அமைச்சகத்துல பதிவு பண்ற சிஎஸ்ஆர்-1 பாரமும் 2021 ஏப்ரல்ல இருந்து கட்டாயம். இந்த பேப்பருங்களுக்கே எட்டு மாசம் போச்சு, அதனால கம்பெனிய தேடுறதுக்கு முன்னாடியே இத ஆரம்பிச்சிடுங்க.

அப்புறம் நான் பண்ண தப்பு, மும்பை, பெங்களூர்னு இருபது கம்பெனிக்கு ஒரே ப்ரபோசல காப்பி பண்ணி அனுப்பினேன். ஒருத்தர் கூட பதில் போடல. ஒரு நாள் டீச்சர் அக்கா ஒருத்தங்க கேட்டாங்க, "தம்பி, மணலி ஃபேக்டரிங்கள்ல இருந்து வர்ற புகைய நம்ம புள்ளைங்க தானே குடிக்குதுங்க, அங்க போய் கேட்டியா?"ன்னு. கேக்கல. கம்பெனி தான் இயங்குற இடத்துக்கும் சுத்துப்பட்டுக்கும் முன்னுரிமை குடுக்கணும்னு அதே 135லயே எழுதியிருக்கு, நான் தான் அத படிக்கல. மணலி, எண்ணூர், திருவொற்றியூர் சுத்தி எத்தன ஃபேக்டரி, அதுங்களோட சுத்துப்பட்டு நாம தானே, இத கூச்சப்படாம கேக்கலாம்.

அங்க நாலு கம்பெனில ப்ரபோசல் குடுத்தோம், ஒரு எடத்துல கூப்ட்டாங்க, அப்புறம் அங்க இருந்து ஒரு மேடம் நேர்ல பாக்க வந்தாங்க. நான் ராத்திரி எல்லாம் முழிச்சு எழுதின பதினெட்டு பக்க ப்ரபோசல அவங்க பெருசா பொரட்டவே இல்ல. அட்டெண்டன்ஸ் நோட்டு எங்கன்னு கேட்டாங்க. ரெண்டு அக்காவும் முதல் நாள்ல இருந்து தேதி போட்டு எழுதி வெச்சிருந்தாங்க, யாரு வரல, ஏன் வரலன்னு பக்கத்துலயே ஒரு வரி, "தம்பிக்கு காய்ச்சல்", "வீட்ல தண்ணி வந்துடுச்சு". 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் அப்போ ஒரு வாரம் முழுக்க காலியா இருந்த பக்கத்துல மேடம் ரொம்ப நேரம் நின்னாங்க. சுண்டல் வாங்கின வவுச்சர் கூட பாத்தாங்க.

ஆனா பட்ஜெட்ல ஒரு மல்லுக்கட்டு வந்துச்சு. டேப்லெட் 20 வாங்கித் தர்றோம், சம்பளம் எல்லாம் நிர்வாகச் செலவு, அதுக்கு 5 சதவீதம் தான்னு சொன்னாங்க. இங்க தான் நிறைய பேரு தலையாட்டிட்டு வந்துடுறாங்க, ஆட்டாதீங்க. அந்த 5 சதவீதம் கம்பெனி தன்னோட சிஎஸ்ஆர் வேலைய நடத்துறதுக்கு ஆகுற செலவுக்கான வரம்பு. டீச்சர் சம்பளம் படிப்பு திட்டத்தோட செலவுலயே சேரும்னு கம்பெனி விவகார அமைச்சகமே 2021 ஆகஸ்ட்ல கேள்வி பதிலா சர்குலர் போட்டிருக்கு. அத பிரிண்ட் எடுத்துட்டு போய் காட்டினேன், டேப்லெட் வேணாம் மேடம், இந்த ரெண்டு அக்கா வேணும்னேன். மூணு வாரம் கழிச்சு ஓகே சொன்னாங்க, ஒரு வருஷ சம்பளம், கூடவே ரூம் வாடக.

இப்போ மார்ச் கணக்கு முடிக்கிறதுக்குள்ள பில்லு எல்லாம் ஒழுங்குபடுத்தி, குடுத்த பணத்த சொன்ன வேலைக்கே செலவு பண்ணோம்னு யூட்டிலைசேஷன் சர்டிபிகேட் குடுக்கணும், அடுத்த வருஷத்துக்கும் கேட்டிருக்கோம், இன்னும் பதில் வரல. வடசென்னைல இந்த மாதிரி டியூஷன் நடத்துறவங்க யாரா இருந்தாலும் கமெண்ட்ல சொல்லுங்க, எங்க ப்ரபோசல், பட்ஜெட் ஷீட், அந்த சர்குலர் மூணையும் அப்படியே அனுப்பி வெக்கிறேன்.