சோளகத்தில் தனியாக

இன்று முல்லைத்தீவில், கடலோரக் களப்பான (உப்பங்கழி) நந்திக்கடலில் முதல்முறையாகத் தனியாகப் பாய் விரித்தேன். சின்ன வள்ளம், ஒற்றைப் பாய். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று சீராக வீசினால் பயமில்லை. இன்று அது விட்டுவிட்டுத் தள்ளியது. காற்றின் வேகம் 2 மடங்கானால் பாயில் விழும் விசை 4 மடங்காகும். துணைக்கு ஆள் இருந்தால் காற்றடிக்கும் பக்கம் சாய்ந்து உட்காருவார். தனியாளுக்குத் தன் உடம்பும் கையிலுள்ள கயிறும்தான்.

சித்தப்பா கரையில் நின்று ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "பாய்க்கயிற்றைக் கட்டிப்போடாதை தம்பி, கையிலையே வைச்சிரு."

வட்டுவாகல் பாலம் கண்ணில் பட்ட நேரம், தண்ணீர் கறுத்துச் சுருங்கியபடி என்னை நோக்கி ஓடி வந்தது. அதுதான் பலத்த காற்று வரும் அடையாளம். சரி என்று கயிற்றைத் தளர்த்தி, முகப்பைக் காற்றுக்கு நேரே திருப்பினேன். பாய் படபடவென்று அடித்தது. சாய்ந்த வள்ளம் மெல்ல நிமிர்ந்தது. அப்புறம்தான் மூச்சு வந்தது. அந்த நிமிர்வை என் முதுகில் இன்னும் உணர்கிறேன்.

கடலில் இப்படித் தனியாக இறங்கமாட்டேன். முல்லைத்தீவுக் கரையில் சோளகம் நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும்; கவிழ்ந்தால் வெளிக்கடலுக்கே இழுத்துப் போய்விடும். களப்பில் பல இடங்களில் கால் எட்டும். ஆனாலும் உயிர்காப்பு அங்கியைக் கழற்றவேயில்லை.

நாளை காற்று எழும்ப முன்னமே இறங்குவோம் என்கிறார் சித்தப்பா.