தாசில்தாரின் நகம்

நாங்கள் மண்டபம் அகதி முகாமிலிருந்து வந்து இறங்கியபோது இது தர்மபுரி மாவட்டம். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதும், இருந்த இடத்தை விட்டு ஓர் அடி நகராமலே மாவட்டம் மாறிவிட்டோம். 1990-இல் இலங்கையின் மன்னாரில் படகேறிய பிறகு எங்களுக்கு அலைச்சல் இல்லாமல் நடந்த ஒரே இடப்பெயர்வு அதுதான்.

ஊத்தங்கரைப் பக்கம், அணையை ஒட்டிய முகாம். கடலைப் பார்த்தே வளர்ந்த அம்மாவுக்கு இந்தப் பாறைச் சீமை பிடிபட வெகுகாலம் ஆனது. கேழ்வரகுக் களியை முதல்முறை வாயில் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளியவர், இப்போது களி கிண்டாத நாளில் முணுமுணுக்கிறார். அணை மீனை மட்டும் இன்றுவரை மீன் என்று ஒப்புக்கொள்ளவில்லை. முகாமில் ஆண்களுக்கு வேலை என்றால் பெயின்ட் அடிப்பது. அதை விட்டால் கல். நான் இரண்டையும் செய்தேன். பெயின்ட் வேலையில் உப்புத்தாளைப் பிடிக்கக் கற்றேன். பர்கூர் பக்கத்துக் கிரானைட் பட்டறையில் பாலிஷ் போடக் கற்றேன். சொரசொரப்பான கல்லில் தொடங்கி, நம்பர் ஏற ஏற நைசான கல்லுக்கு மாறி, கடைசியில் முகம் தெரியும்வரை தேய்ப்பது. எதை எதனால் தேய்த்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்த நாட்டில் நான் படித்த படிப்பு.

அந்தப் படிப்பை ஒரு பூனை வேலை வாங்கிவிட்டது. அதன் பெயர் தாசில்தார். மாதாமாதம் செக்கிங் நடக்கும் நாளில் அதிகாரிகளின் பின்னாலேயே வீடு வீடாக நுழைந்து பார்த்துவிட்டு வருவதால் மகள் வைத்த பெயர். ரேஷன் அரிசியை எலி விட்டுவைப்பதில்லை என்று அம்மாதான் அதைச் சேர்த்துக்கொண்டார். எலித் தொல்லை தீர்ந்தது. தாசில்தார் தொல்லை தொடங்கியது.

மனைவிக்கு ஆரி வேலை. பட்டு ரவிக்கைத் துணியை மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டி, ஊசியால் ஜரிகையும் மணியும் கோப்பாள். நூல் அசைந்தால் தாசில்தாருக்குப் பொறுக்காது. ஒரு கல்யாண ரவிக்கையின் முதுகுப் பக்கத்தில் ஒரே தாவல். நகம் மாட்டி இழை இழுத்துக்கொண்டது. கூலியும் போய், துணிக்கும் பணம் கட்டினோம். அம்மாவுக்கோ சர்க்கரை நோய். மடியில் ஏறும்போது பட்ட சின்னக் கீறல்கூட ஆறாமல் நாள்கணக்கில் நிற்கும். பூனையை விரட்டவும் விடமாட்டார்.

டொராண்டோவில் இருக்கும் சின்னம்மா மகளிடம் சொன்னபோது, “அந்தப் பக்கத்து நாடுகளில் சிலர் நகத்தையே எடுத்துவிடுவார்கள் அண்ணா” என்றாள். விசாரித்தால் வயிற்றைக் கலக்கியது. பூனையின் நகம் விரலின் கடைசி எலும்போடு ஒட்டி வளர்வது. நகம் மீண்டும் முளைக்கக் கூடாது என்றால் அந்த எலும்பையே வெட்டியெடுக்க வேண்டும். 1987-இல் வந்த செல்லப்பிராணிகள் பாதுகாப்புக்கான ஐரோப்பிய ஒப்பந்தம் இதைத் தடை செய்கிறது. நியூயார்க் மாநிலம் 2019-இல் தடை செய்தது. அம்மா எந்த ஒப்பந்தத்தையும் படிக்காமலே, “எலி பிடிக்க வைத்துவிட்டு விரலை வெட்டுவதா?” என்று முடித்துவிட்டார்.

கட்டையில் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றிவைத்தால் போதும், பூனை அதில் பிறாண்டி நகத்தைத் தேய்த்துக்கொள்ளும் என்று முகாமில் பலரும் சொன்னார்கள். பிறாண்டியது உண்மை. நகம் தேயவில்லை, முன்னைவிடக் கூரானது. கட்டையின் அடியில் நகத்தின் வடிவிலேயே மெல்லிய கூடுகள் உதிர்ந்து கிடந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. பூனை நகம் வெங்காயம் போல அடுக்கடுக்காக வளர்கிறது. முனை நாருக்குள் இறங்கி மாட்டிக்கொள்ள, பூனை உடம்பை வளைத்து இழுக்கிறது. மழுங்கிய மேல் அடுக்கு கழன்று விழ, உள்ளே தயாராக இருக்கும் புது முனை வெளியே வருகிறது. ஆக, கயிற்றுக் கட்டை பூனைக்குச் சாணைக்கல். நாயின் நகம் நடக்கும்போது தரையில் பட்டுத் தேயும். பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் அதற்கும் வழியில்லை.

மழுங்க வேண்டுமென்றால் முனை எதற்குள்ளும் இறங்கக் கூடாது, கடினமான எதன்மீதாவது உராய வேண்டும். பட்டறையில் நெருப்பு காட்டிச் சொரசொரப்பாக்கிய கிரானைட் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தேன். தாசில்தார் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. பிடிமானம் இல்லாத இடத்தில் பூனை பிறாண்டாது. நகம் மாட்ட வேண்டும், முதுகு நெளிய வேண்டும், அதுதான் அதற்குச் சுகம். நாரும் வேண்டும், கல்லும் வேண்டும்.

மாம்பலகை ஒன்று எடுத்தேன். இந்த மாவட்டத்தில் மாமரத்துக்கா பஞ்சம்? மூன்றடி உயரம்; பூனை முன்னங்காலை முழுவதும் நீட்டி நின்றாலும் மிச்சம் இருக்க வேண்டும். அடியில் கழிவாகக் கிடந்த கறுப்புக் கிரானைட் துண்டைப் பதித்தேன். ஒருமுறை ஆட்டம் கண்டால் பூனை அந்தப் பக்கமே திரும்பாது என்பதால் கனம் முக்கியம். பலகையில் மூன்று சுற்று கயிறு, பிறகு ஒரு விரல் இடைவெளி, மறுபடி மூன்று சுற்று. இடைவெளியில், கல்லின் வேலைக்கு, உப்புத்தாள் போலச் சொரசொரப்பான எமரித் துணிப் பட்டை. தாள் கிழிந்துவிடும், துணிதான் நிற்கும். பட்டை கயிற்றைவிடத் தாழ்வாக, பள்ளத்தில் கிடக்கிறது. இதில்தான் என் சாமர்த்தியம் எல்லாம் இருக்கிறது என்பேன். பூனையின் உள்ளங்காலில் மெத்தை போன்ற சதை உண்டு. எமரி அதில் பட்டால் புண்ணாகிவிடும். பள்ளத்தில் இருந்தால் சதை கயிற்றின்மேலேயே வழுக்கிப் போகும், நீண்டு நிற்கும் நகத்தின் முனை மட்டும் அடியைத் தொடும். மேல் கயிற்றில் மாட்டி இழுக்கிறது. வரும் வழியில் முனை பட்டையில் உரசுகிறது. கீழ்க் கயிற்றில் மறுபடி மாட்டுகிறது. 60 நம்பர் எமரி முரடு, நகத்தைப் பிசிறாக்கியது. 400 நம்பரில் நகம் பளபளத்ததே தவிர மழுங்கவில்லை, கிரானைட் போலவே. 120 சரியாக அமைந்தது.

புதுப் பசையின் வாடை பிடிக்காமல் தாசில்தார் முதலில் முறைத்துக்கொண்டு திரிந்தது. பூனைவணங்கி என்கிற குப்பைமேனி வாய்க்கால் ஓரமெல்லாம் முளைத்துக் கிடக்கிறது. அதன் வேர் வாசனைக்குப் பூனை கிறங்கும். வேரைக் கசக்கிக் கயிற்றில் தேய்த்தேன். கட்டையைக் கட்டிக்கொண்டு உருண்டது. இடமும் பார்த்து வைக்க வேண்டும். பூனை தூங்கி எழுந்ததும் முதல் வேலையாகப் பிறாண்டும், அதனால் அது படுக்கும் சாக்குக்குப் பக்கத்திலேயே, முன்பு சீரழித்த கதவு நிலையை மறைத்து வைத்தேன். விரல் இடுக்கில் சுரக்கும் வாடையைத் தடவி, இது என் இடம் என்று பதிந்துவைக்கும் வேலையும் பிறாண்டலில் அடக்கம். முப்பது வருடத்துக்கு மேல் இங்கே இருக்கிறோம், எங்களுக்கு இன்னும் குடியுரிமை இல்லை. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் சொல்லும் நாடுகளிலும் இலங்கை இடம்பெறவில்லை. தாசில்தார் மட்டும் யாரிடமும் மனுக் கொடுக்காமல் தன் பட்டாவைத் தானே எழுதிக்கொள்கிறது.

வீணான பட்டுத் துண்டை அதன் காலில் போட்டு இழுத்துப் பார்ப்பதுதான் என் சோதனை. முன்கால்களின் நான்கு விரல்களிலும் இப்போது இழை மாட்டுவதில்லை. பெருவிரல் போல ஒதுங்கி நிற்கும் ஐந்தாவது நகம் மட்டும் பலகையைத் தொடுவதே இல்லை. விட்டால் வளைந்து வளர்ந்து சதையிலேயே குத்தும். அதைக் கையால்தான் வெட்ட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசிக்குப் போனபோது கால்நடை மருத்துவர் செய்து காட்டினார்: விரலை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும், உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் ரத்தக் கோட்டுக்குத் தள்ளி வெள்ளை நுனியை மட்டும் நறுக்க வேண்டும். பின்கால் நகங்களை நான் சீண்டுவதில்லை. அவற்றைப் பூனையே கடித்துச் சீராக்கிக்கொள்ளும்.

முன்நகத்தையும் ஒரேயடியாக மொட்டையாக்கக் கூடாது என்பது என் கட்சி. முகாமில் நாய்கள் அதிகம். துரத்தினால் புளியமரம் ஏற நகம் வேண்டும். ஊசிமுனை போனால் போதும், கொக்கி இருக்கட்டும். பட்டை தேய்ந்துபோனால் உடனே மாற்றாமல் கொஞ்சநாள் விட்டுவைக்கிறேன். மரமேறிப் பழகட்டும் என்று.

ரவிக்கை கொடுக்கும் கடைக்கார அம்மா தன் வீட்டுப் பூனைக்கும் ஒன்று கேட்டார். செய்து கொடுத்தேன், காசு வாங்கினேன். டொராண்டோக்காரிக்கும் ஒன்று வேண்டுமாம். “பலகையை அனுப்புகிறேன், கல்லை அங்கேயே பார்த்துக்கொள்” என்றேன். கிருஷ்ணகிரிக் கல் கப்பலேறிப் போகும், தபாலில் போகாது. அவளுக்குச் செய்வதில் பட்டையைப் பசையால் ஒட்டப்போவதில்லை. மழைக்காலத்தில் பசை இளகிப் பட்டை சுருண்டுகொள்கிறது. பலகையின் பக்கவாட்டில் காடி வெட்டி, பட்டையைச் செருகி, பின்னால் ஓர் ஆணியில் மாட்டிவிட்டால் அவளே கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.