டெல்லியில் டாக்டர், திருவனந்தபுரத்தில் அப்பா: ரோபோ ஆபரேஷனுக்கு முன் பட்ட பாடு

அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் கட்டி. கட்டியை மட்டும் ரோபோ உதவியோடு எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம் என்றார்கள். நாங்கள் நம்பிய டாக்டர் இருப்பது டெல்லியில். நாகர்கோவிலில் ரயிலேற்றி அவ்வளவு தூரம் அப்பாவைக் கொண்டுபோக மனம் வரவில்லை. டாக்டர் டெல்லியிலேயே கன்சோலில், அதாவது ரோபோவை இயக்கும் கட்டுப்பாட்டு இருக்கையில் உட்கார்ந்து, திருவனந்தபுரத்து ரோபோவை இயக்குவது என்று முடிவானது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் மளமளவென்று முடிந்தன.

இன்சூரன்ஸ் மேசையில்தான் மாட்டினோம். ஆபரேஷன் செய்கிறவர் இந்த மருத்துவமனை டாக்டர் இல்லையாம். எனவே இது டெலிமெடிசின், அதாவது தொலைவிலிருந்து பார்க்கும் வைத்தியம், பாலிசியில் வராதாம். சொன்னவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. 2020 டெலிமெடிசின் வழிகாட்டுதல்களே தொலைவிலிருந்து செய்யும் அறுவை சிகிச்சை தங்களுக்குள் வராது என்கின்றன. ரோபோ அறுவை சிகிச்சையோ, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வெளியிட்ட நவீன சிகிச்சைப் பட்டியலில் இருக்கிறது. இரண்டையும் அச்செடுத்துக் கொடுத்தேன். அப்புறமும் அசையவில்லை. கடைசியில் காரியம் நடந்தது ஒரு கடிதத்தால்: ஆபரேஷன் மேசைப் பக்கத்தில் நிற்கப்போகும் உள்ளூர் சர்ஜனே சிகிச்சைப் பொறுப்பாளர் என்று எழுதி, டெல்லி டாக்டரின் பதிவு எண்ணையும் சேர்த்திருந்தார்கள். இந்தக் கடிதத்தை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

ஒப்புதல் படிவம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான். அப்பா மலையாளம் பேசுவார், வாசிக்கத் தெரியாது. தமிழில் தராமல் கையெழுத்து இல்லை என்று நின்றோம். மார்த்தாண்டத்துக்கார நர்ஸ் ஒருவர் வரிவரியாகத் தமிழில் எழுதித் தந்தார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

அப்பாவுக்கு ஒரே பயம்: "லைன் கட்டானா வயிறு தொறந்து கெடக்குமா மக்களே?" உள்ளூர் சர்ஜன் பொறுமையாக விளக்கினார். 2001-லேயே நியூயார்க்கில் இருந்தபடி ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒரு பெண்ணின் பித்தப்பையை எடுத்திருக்கிறார்கள். கை அசைவு போய்ப் படம் திரும்பிவர சுமார் 155 மில்லிசெகண்ட்தான் ஆனதாம். இங்கே இணைப்பு அறுந்தால் ரோபோ கை அப்படியே நின்றுவிடும், பக்கத்துக் கன்சோலில் அவரே தொடர்வார். அப்பா அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

ஆனாலும் குறித்த நாளில் நடக்கவில்லை. சோதனையில், முதல் இணைப்பு அறுந்தால் கைகொடுக்க வேண்டிய மாற்று லைன் வேலை செய்யவில்லை, டெல்லி டாக்டர் தொடங்க மறுத்துவிட்டார். வெறும் வயிற்றோடு கிடந்த அப்பாவைப் பார்த்து எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆனால் டாக்டர் செய்ததுதான் சரி. மாற்று லைனை எப்போது சோதிப்பீர்கள் என்று அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சிறுநீரகம் தப்பியது. ரோபோ சிகிச்சைக்கான உச்சவரம்பைக் காட்டி இன்சூரன்ஸில் கொஞ்சம் குறைத்தார்கள். அது பாலிசியிலேயே இருந்தது. பில்லில் தனியாக ஏற்றியிருந்த நெட்வொர்க் கட்டணத்தை மட்டும் நாங்கள் விடவில்லை. முன்மதிப்பீட்டில் இல்லாததைக் கட்டமாட்டோம் என்று சண்டைபோட்டு எடுக்கவைத்தோம்.