பதினொரு கிணறுக்கும் ஒரே எண்

அமெரிக்காவில் பிஎச்டி, கள வேலை வன்னியில். மாங்குளம் வீட்டில் இருந்தபோது இரவு பதினொன்றரைக்கு மின்னஞ்சல் வந்தது, என் தரவு குறித்து முறைப்பாடு கிடைத்திருக்கிறது என்று. கீழே ‘ஆய்வு நேர்மை உத்தியோகத்தர்’ என்று கையெழுத்து. அப்படி ஒரு பதவி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எங்கள் ஊரில் விசாரணை என்றால் யார் நினைவுக்கு வருவார்கள் என்று சொல்லத் தேவையில்லை, விடியும்வரை நித்திரை இல்லை.

விசுவமடு, ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கம் 84 கிணறுகளில் புளோரைட் பார்த்திருந்தேன். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். வெளியான என் கட்டுரையின் அட்டவணையில் வரிசையாகப் பதினொரு கிணறுக்கு 1.32. யார் பார்த்தாலும் இருந்த இடத்திலேயே எழுதியது என்றுதான் நினைப்பார்கள், எனக்கே அப்படித்தான் தெரிந்தது.

அடுத்த நாள் அந்த உத்தியோகத்தரோடு சூமில் கதைத்தேன். அந்த அம்மா முதலில் சொன்னது, தான் என் பக்கமும் இல்லை, முறைப்பாடு செய்தவர் பக்கமும் இல்லை, தீர்ப்புச் சொல்வதும் தான் இல்லை, குழுதான் என்று. பல்கலைக்கழக சேர்வரில் இருந்த என் கோப்புகளை மின்னஞ்சல் அனுப்ப முன்னமே பிரதி எடுத்து வைத்துவிட்டார்களாம். கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அதனால்தான் நான் பிறகு எதையும் திருத்தினேன் என்று ஒருவரும் சொல்ல முடியவில்லை. யார் முறைப்பாடு செய்தது என்று தேடித் திரியவேண்டாம் என்றும் சொன்னார். இன்றுவரை தெரியாது. (ஊகம் இருக்கிறது, அது வேறு கதை.)

கள கொப்பியைக் கேட்டார்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பி, அசலைக் கூரியரில் போட்டேன். மாரியில் நனைந்து ஓரமெல்லாம் செம்மண் நிறத்தில் உப்பிப்போன கொப்பி, முழுக்கத் தமிழ். என் சிநேகிதி மொழிபெயர்க்கிறேன் என்றாள், உத்தியோகத்தர் ஒத்துக்கொள்ளவில்லை, வெளியாள் ஒருவரைப் பிடித்தார். அவர் தமிழ்நாட்டுக்காரர். ‘மாரிக்கு முதல் இறைச்ச கிணறு’ (மழைக்காலத்துக்கு முன் தண்ணீர் இறைத்த கிணறு) என்று எழுதியிருந்ததைப் புரியாமல் இரண்டு தரம் விளக்கம் கேட்டு எழுதினார்.

கொப்பியில் பதினொரு கிணறுக்கும் பதினொரு வேறு எண்கள். அப்போதுதான் நடந்தது விளங்கியது. எக்செலில் ‘விசுவமடு’ என்ற ஊர்ப்பெயரைக் கீழே இழுத்து நிரப்பும்போது பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிறேன். ஊரோடு 1.32உம் இறங்கிவிட்டது. அன்றிரவு கரண்ட் போய்ப் போய் வந்தது, லப்டொப்பில் சார்ஜ் இல்லை, அவசரம்.

அங்கே விதிப்படி முறைகேடு என்பது தரவைப் புனைவது, திரிப்பது, பிறர் எழுத்தைத் திருடுவது. நேர்மையான பிழை அதில் சேராது. ஆனால் தெரிந்தே செய்யாவிட்டாலும் பொறுப்பற்ற அலட்சியம் என்றால் மாட்டலாம். குழு என்னைக் குடைந்தது அந்த இடத்தில்தான்: ஏன் ஒரு தரம்கூடக் கொப்பியோடு ஒப்பிடவில்லை? பதில் இல்லை. ஒப்பிடவில்லை, அவ்வளவுதான் என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அப்போது ஆரம்ப விசாரணைக்கு 60 நாள் கெடு (புதிய விதியில் 90). கெடு முடிய முன் கடிதம் வந்தது: முறைகேடு இல்லை, கட்டுரைக்குத் திருத்தம் வெளியிடவேண்டும். பேராசிரியர் அதற்குப் பிறகு என்னோடு அளந்துதான் கதைத்தார், அதற்கு எந்த உத்தியோகத்தரும் மருந்து வைத்திருக்கவில்லை.

இப்படி ஒரு கடிதம் வந்தால் எதையும் அழிக்காதீர்கள், பதறிப்போய்ப் பதில் எழுதாதீர்கள். உத்தியோகத்தரைச் சிஐடியாகவும் நினைக்கவேண்டாம், வக்கீலாகவும் நினைக்கவேண்டாம்.

விசாரணை ஆவணங்களை 7 வருடம் வைத்திருக்கவேண்டுமாம், கொப்பியும் அதோடுதான். கிணற்றுக்காரர்களின் போன் நம்பர்கள் எழுதியிருந்த கடைசிப் பக்கத்தை மட்டும் படம் எடுக்க மறந்துவிட்டேன். திருத்திய அளவைச் சொல்ல விசுவமடுவில் ஒவ்வொரு படலையாகத் தட்டினேன். ஒரு ஆச்சி கேட்டார், “பிள்ளை, போன முறை சொன்ன கணக்கு ஆற்ற கிணத்துக் கணக்கு?”